மேடையில் தொங்கிய நாற்பது தட்டுகள்

அன்பு மகன் அனீஸுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போனது. எனக்கு நலமும் இல்லை, இருப்பதாகப் பொய் எழுத மனமும் இல்லை. அதனால் ஸலாம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாண வலிமா விருந்து முடிந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. நீயும் மருமகளும் ஜெர்மனிக்கு விமானம் ஏற இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்த நாற்பத்தொரு நாளில் நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ சென்னையிலிருந்து போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. வாட்ஸப்பில் குரலைப் பதிந்து அனுப்பினாய், பதில் போடவில்லை. உன் அம்மாவிடம் தூது போகச் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி இல்ல. நீங்க இப்புடியே மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருங்க, பிள்ள பாட்டுக்கு பிளைட் ஏறிப் போயிருவான்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பயந்துதான் எழுத உட்கார்ந்தேன். சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குக் கோபம் அப்படியேதான் இருக்கிறது, அதில் எவ்வளவு உன் மேல், எவ்வளவு என் மேல் என்பதுதான் இந்த நாற்பத்தொரு நாளாகக் குழப்பமாக இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நீ மாப்பிள்ளை, உனக்கு யார் எங்கே நின்றார்கள் என்றுகூடத் தெரிந்திருக்காது. நான் காலையிலேயே மஹாலுக்குப் போய்விட்டேன். பிரியாணி தம்மில் இருக்கிறதா என்று சமையல்கட்டை ஒரு எட்டு பார்த்துவிட்டு, அத்தர் தடவிக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கை கொடுக்கலாம் என்று உள்ளே நுழைந்தேன். மேடைக்கு மேலே கறுப்பாக, வட்ட வட்டமாக என்னவோ தொங்கிக்கொண்டிருந்தது. உன் மச்சான் ஏற்பாடு செய்த டெக்கரேஷன், பழைய காலத்து மாதிரி இருக்கும் என்று நீ சொல்லியிருந்தாய். பிளாஸ்டிக்கில் செய்து மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கிட்டே போய் நின்றேன். ஃபேன் காற்றில் ஒரு தட்டு மெதுவாகத் திரும்பியது. நடுவில் சிவப்பு லேபிள், அதன் ஓரத்தில் நீல மசிக் கறை. அந்த மசியைக் கொட்டியவன் நான், உனக்கு அப்போது ஒரு வயது. அடுத்த தட்டைப் பார்த்தேன், அதுவும் என்னுடைய இசைத்தட்டுதான். எண்ணினேன். நாற்பது இருந்தது. விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளி ஒவ்வொன்றிலும் மெஷினால் துளை போட்டுத் தூண்டில் நரம்பைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் என்ன செய்ய முடியும்? மகன் கல்யாண மேடையில் ஏறி நின்று சண்டை போடவா? நாலு மணி நேரம் அந்தத் தட்டுகளுக்குக் கீழே நின்று சிரித்தேன். போட்டோக்காரர் "பாய், செத்த நிமிந்து பாருங்க" என்றபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன், நிமிர்ந்தால் கண்ணில் படுவது அவைதான். உன் ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் மேலே பார்த்துக்கொண்டிருப்பேன், வேண்டுமானால் புரட்டிப் பார். மருமகள் மட்டும் கவனித்துவிட்டாள். "மாமா, ஏன் மேலயே பாக்குறீங்க?" என்று கேட்டாள். "லைட்டு நல்லாருக்கும்மா" என்றேன். புது மருமகளிடம் நான் முதன்முதலாகச் சொன்ன பொய் அது. மேடையைப் பிரிக்கும்போது டெக்கரேஷன் ஆள் ஒருவர் வந்து, "பாய், இதெல்லாம் வேஸ்ட்டுதான? நாங்களே அள்ளிக்கிறவா, வேற பங்சனுக்கு ஆகும்" என்றார். நான் அவர் கையிலிருந்து வாங்கி மாப்பிள்ளைக்கு வந்த சீர்ப்பெட்டி ஒன்றில் அடுக்கினேன். ஆறு தட்டில் விரிசல் விட்டிருந்தது.

அன்று ராத்திரியே உன்னைக் கேட்டேன். நீ கொஞ்சமும் பதறவில்லை. "அத்தா, நீங்கதான் அதப் போடுறதே இல்லையே. மூணு வருசமா அந்தப் பீரோ அப்புடியே கெடக்கு. சும்மா இருக்குறத நாலு பேரு பாக்கட்டுமேன்னுதான் குடுத்தேன்" என்றாய். அதற்கு மேல் ஒன்று சொன்னாய் பார், அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. "லிஸ்ட் மட்டும் போட்டுக் குடுங்க, எல்லாத்தையும் ஆன்லைன்ல வாங்கிரலாம். அதுவும் வேணாம்னா போன்லயே எல்லாப் பாட்டும் இருக்கு." நான் எழுந்து போய்விட்டேன். நீ உதவி செய்யத்தான் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். தெரிவதனால் எரிச்சல் குறையுமா? லிஸ்ட் கேட்டாயே, இந்தக் கடிதத்தில்கூட நான் ஒருத்தர் பெயரையும் எழுதப் போவதில்லை. யார் வாசித்தது, யார் இயற்றியது என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் உனக்கு ஒன்றும் விளங்காது. முப்பது வயதில் உனக்கு அது விளங்காமல் இருப்பதற்குக் காரணம் யார் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தோல் ஷாப்பில் பதனிட்ட ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கிற வேலைக்கு நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. தோலைத் தடவிப் பார்த்தே இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று அடுக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை தோல் வாங்க ஒரு இத்தாலிக்காரர் வருவார். நான் கட்டி வைத்த கட்டை அவிழ்த்து அவர் மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மூன்று வருஷம் அப்படிப் பார்த்துவிட்டு நாலாவது வருஷம் அவிழ்க்காமலே தலையை ஆட்டினார். அந்தத் தடவை ஊருக்குத் திரும்பும்போது என் கையில் இரண்டு எல்.பி. தட்டைக் கொடுத்தார். ஒன்றில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, நாலே பேர் வாசிக்கிற மேற்கத்திய சாஸ்திரிய இசை. இன்னொன்று ஜாஸ். போட்டுக் கேட்க என்னிடம் மிஷின் இல்லை. எட்டு மாதம் அட்டைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முதலாளி தன் வீட்டில் தூசி பிடித்துக் கிடந்த, தட்டுப் போட்டுக் கேட்கிற ரேடியோகிராமை "ஒனக்கு வேணும்னா தூக்கிட்டுப் போ" என்று கொடுத்தார்.

அந்த ஜாஸ் தட்டு முதலில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பி வராமல் ஆளாளுக்கு ஒரு பக்கம் போகிறார்களே, கூலி வாங்கிக்கொண்டு இப்படியா செய்வார்கள் என்று தோன்றியது. இருபது தடவை கேட்டிருப்பேன். ஒருநாள் திடீரென்று பிடிபட்டது. டிரம்பெட்காரர் ஒன்று சொல்கிறார், பியானோக்காரர் அதை வாங்கிப் பதில் சொல்கிறார், இவர் சொல்லி முடிக்கும் வரை பேஸும் டிரம்ஸும் வாசிக்கிற மற்ற இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து நிற்கிறார்கள். அதற்கப்புறம் எனக்கு விடுதலை இல்லை. கொடைக்கானலில் பங்களாவைக் காலி செய்து ஊருக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் கட்டில், பீரோவோடு தட்டுகளையும் போட்டுவிட்டுப் போவார்கள். அவை வத்தலக்குண்டுப் பழைய சாமான் கடைக்கு இறங்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நான் பஸ் ஏறிவிடுவேன். கீறலைப் பார்ப்பதற்குத் தட்டை வெயிலில் சாய்த்துப் பிடிப்பேன், தோலைப் பார்க்கிற பழக்கம்தான். கடைக்காரர், "பாய் தட்டப் பாக்கல, ஆட்டப் பாக்குறாரு" என்று சிரிப்பார். அப்படிச் சேர்த்தவை முந்நூற்றுச் சொச்சம்.

நான் கேட்ட விதத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவது அதில்தான் இருக்கிறது. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து கதவைச் சாத்தினால், பொழுது இறங்கி மஃரிப் பாங்கு வரைதான் என் நேரம். பாங்குச் சத்தம் காதில் விழுந்ததும் எந்த இடமாக இருந்தாலும் தட்டிலிருந்து முள்ளைத் தூக்கிவிடுவேன். யாரும் எனக்கு அப்படிச் சட்டம் போடவில்லை, நானாகச் செய்துகொண்ட ஏற்பாடு. இசை கேட்கிறவன் என்று ஜமாஅத்தில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தபோதும், பாங்குக்கு மேல் என் வீட்டில் ஒரு சத்தம் வந்தது என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் எனக்கு ஒரு வீம்பு இருந்தது. தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிஷம் ஓடும். கடிகாரத்தைப் பார்த்து, இன்றைக்கு எந்தப் பக்கம் அடங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் எடுப்பேன். கணக்குத் தப்பி, பியானோ முடியப் போகிற நேரத்தில் பாங்கு வந்துவிடும். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னைக்கும் அந்த ஆளு வீடு போய்ச் சேரலையா?" என்பாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக இது ஒருநாளும் தவறியதில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். தண்ணீர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்த அந்தக் கோடை உனக்கு லேசாக நினைவிருக்கலாம். நம் போர்த் தண்ணீரில் தட்டைக் கழுவினால் காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும், முள் வைத்தால் கரகரக்கும். அதனால் உன் அம்மா குடிக்கப் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரில் இரண்டு குடத்தை எடுத்து ஐம்பது தட்டைக் கழுவிக் காய வைத்துவிட்டேன். அவள் வந்து காலிக் குடத்தைப் பார்த்தாள். "தட்டுக்கு நல்ல தண்ணி, எம்பிள்ளைக்கு உப்புத் தண்ணியா? எழுதி வச்சுக்கங்க, இந்த வீட்டுல யாரு மொதல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். அடுத்த தண்ணீர் லாரி வருகிற வரை நாம் உப்புத் தண்ணீரில் வடித்த சோற்றைத்தான் தின்றோம். நான் அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. தட்டு நன்றாகச் சுத்தமாகியிருந்தது என்று அவளிடமே சொன்னேன், அந்த அளவுக்குக் கூறுகெட்டவனாக இருந்திருக்கிறேன்.

இரண்டாவது தப்பு உன்னிடம் செய்தது. உனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, வடை தின்ற கையோடு என் அறைக்குள் புகுந்து, மேலே இருந்த தட்டை எடுத்து ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டு, "நத்தம்... நத்தம்... உள்ள ஏறு, உள்ள ஏறு" என்று கூடத்தைச் சுற்றி பஸ் ஓட்டினாய். அது அந்த இத்தாலிக்காரர் கொடுத்த தட்டு. நான் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். நீ தட்டைக் கீழே போடவில்லை. அழுதுகொண்டே இரண்டு கையாலும் நீட்டினாய். அன்று சாயங்காலமே கடைவீதிக்குப் போய் ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்கி வந்து பீரோவில் மாட்டினேன். அதற்கப்புறம் நான் கேட்கும்போது நீ கதவருகே வந்து நின்றதும் இல்லை, நான் உன்னைக் கூப்பிட்டதும் இல்லை. தட்டை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது, அந்தக் கோடுகளுக்குள்தான் அவ்வளவு பேரும் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் முப்பது வயதில் துளைபோடுகிற மெஷினுக்குக் கீழே அதை நீட்டியிருக்க மாட்டாய். பூட்டு வாங்கப் போன நேரம்கூட ஆகியிருக்காது.

ஆனால் அனீஸ், இதனாலெல்லாம் உன்னை விட்டுவிட முடியுமா என்று பார்த்தால், முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? "அத்தா, இத எடுத்துக்கவா?" அவ்வளவுதானே? கல்யாணச் சாமான் வைக்க வேண்டுமென்று சாவிக்கொத்தை நான்தான் கொடுத்தேன். கொத்தில் பத்துச் சாவி இருந்தது, பீரோச் சாவியும் இருந்தது. திறக்காதே என்று நான் சொல்லவில்லை என்று நீ சொல்வாய். இப்படி ஒவ்வொரு தடவையும் உன்னைத் திட்ட ஆரம்பித்து என்னிடமே வந்து நிற்கிறேன், அதுதான் பெரிய ஆத்திரமாக இருக்கிறது. முழுசாகக் கோபப்படக்கூட ஒரு மனுஷனுக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மூன்று வருஷமாக ஏன் போடவில்லை என்று போன ரம்ஜானுக்கு நீ கேட்டாய். "சலிச்சுப் போச்சுப்பா" என்றேன். சும்மா கிடக்கிறது என்று நீ நினைத்தது அந்தப் பதிலை நம்பித்தான். அது பொய். நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று வருஷமாகவே சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வைக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. வயலின்காரர் மேலே மேலே ஏறும்போது ஆளே காணாமல் போய்விடுகிறார், தட்டு தேய்ந்துவிட்டது என்று தட்டின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு உன் அம்மா உள்ளே வந்தாள். வாழ்க்கையில் ஒருநாளும் மிஷினைத் தொடாதவள், நேராகப் போய் முள்ளைத் தூக்கினாள். "பாங்கு சொல்லி முடிஞ்சு, தொழுகையும் ஆரம்பிச்சாச்சு. தெரு பூராக் கேக்குது நம்ம வீட்டு மேளம். ஒங்களுக்குக் காது கேக்கலையா?" என்றாள். கோபமாக ஆரம்பித்தவள், கடைசிக் கேள்வியை நிஜமாகவே கேட்டாள். சன்னல் பக்கம் நூறு அடியில் பள்ளிவாசல் ஸ்பீக்கர், அது எனக்குக் கேட்கவில்லை.

தோல் ஷாப்பில் தோலைப் போட்டுச் சுற்றுகிற, ஆள் உயரத்துக்கு மேலான மர டிரம் நாலும் ராத்திரி பகலாக உருளும். அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்து முப்பத்தாறு வருஷம் தரம் பிரித்திருக்கிறேன், வலது காது டிரம் பக்கம். வலது சுத்தமாகப் போய்விட்டது. இடதில் பாதி இருக்கிறது, அதுவும் கனத்த சத்தம் மட்டும்தான் வரும். பேஸ் கேட்கிறது, டிரம்பெட் கேட்பதில்லை. ஆள் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பது கேட்பதில்லை, உதட்டைப் பார்த்துச் சமாளிப்பேன். உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் பரம்பரையா, பிள்ளைக்கும் வருமா என்று கேள்வி வரும், கல்யாணம் முடிகிற வரை மூச்சு விடாதே என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். தெரியாமல் பாங்குக்கு மேல் மறுபடியும் ஓட விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் பீரோவைப் பூட்டினேன். வீம்பாகக் காப்பாற்றிய விஷயத்தில் தெருவே பார்க்க வழுக்கிவிட்டேன் என்கிற அவமானம் இன்னும் அடங்கவில்லை. உனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு உனக்குத் தெரியாமல் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, "சத்தம் கேக்கும்போது பட்டன அமுக்குங்கய்யா" என்றாள் சோதனை செய்கிற பெண். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை அசைவது தெரிந்தது. அவள் கை அசையும்போதெல்லாம் நான் பட்டனை அமுக்கினேன். அறுபத்தாறு வயதில் பரீட்சையில் காப்பி அடித்தேனப்பா. "பரவால்லய்யா, லேசாத்தான் இருக்கு" என்று அதற்குத் தகுந்தபடி ஒரு மிஷினைக் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு கேட்டால் உன் அம்மா பேசுவது தகர மூடியைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. மாட்டாமல் மேஜையில் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்ததும் அழுகையாகவும் வருகிறது.

குடும்பம் நடத்தப் போகிற மகனுக்கு அத்தா நாலு நல்ல புத்தி எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை எவ்வளவு இருக்கிறது என்று மேலே படித்துவிட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன், கேட்டுக்கொள். உன் மனைவி "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க" என்று கேட்டால் லைட் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதே. உனக்குப் பிரியமான ஒன்று இருந்தால் அதைக் கையில் கொடுத்துக் காட்டு, கீறல் விழுந்தால் விழட்டும். உடம்புக்கு ஏதாவது என்றால் பெருமைக்காக மறைக்காதே. நல்ல தண்ணீர்க் குடத்தைத் தொடுவதற்கு முன்னால் கேள். ஜெர்மனியில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருமாம், ஆனாலும் கேட்டுக்கொண்டே தொடு. இதையெல்லாம் சொல்கிற நான் திருந்திவிட்டேனா என்றால், போன வாரம்கூட உன் அம்மாவிடம் "நீ முணுமுணுன்னு பேசுற" என்று சண்டைதான் போட்டேன்.

போன திங்கட்கிழமை சீர்ப்பெட்டியைத் திறந்தேன். ஓட்டை விழுந்த தோலை நாங்கள் தூக்கி எறிவதில்லை, ஓட்டையை விட்டுவிட்டு மீதியில் என்ன வெட்டலாம் என்று பார்ப்போம். தட்டையும் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துளை விளிம்போரமாக இருக்கிறது. உள்ளே கோடுகள் அப்படியேதான் இருக்கின்றன. முதல் மூன்று நிமிஷம் போய்விடும், துளையைத் தாண்டி முள்ளை இறக்கினால் மீதி ஓட வேண்டும். விரிசல் விடாத முப்பத்துநாலும் ஓட வேண்டும். மத்தியானம் லுஹருக்கும் அஸருக்கும் நடுவில், உன் அம்மாவைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, துளை விழுந்த அந்த இத்தாலிக்காரர் ஜாஸ் தட்டைப் போட்டேன். தட்டு சுற்றியது, முள்ளும் மேலே குதிக்காமல் போனது. ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், பேஸ்காரர் கையில் இடித்தார். மற்ற மூன்று பேரும் இருக்கிறார்களா, இல்லை வெறும் கரகரப்புதான் வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவைக் கேட்டேன். "என்னமோ ஓடுது. எனக்கு முன்னாடியே அது பிடிபடாது, இப்ப மட்டும் என்னத்தச் சொல்ல" என்றாள்.

இனி நான் எழுத வந்த விஷயம். இந்த நாற்பத்தொரு நாளில் நீ பதினோரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறாய். நான் கோபத்தில்தான் பதில் போடவில்லை என்று நீ நினைத்திருப்பாய். முதல் இரண்டு நாள் அது உண்மை. மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றையும் இடது காதில் அமுக்கி வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்று ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருக்கிறது. இதுவரை எனக்குப் பிடிபட்டது அத்தா என்கிற ஒரு வார்த்தைதான். பதினொன்றிலும் அது வருகிறது, ஒன்றில் நாலு தடவை வருகிறது. மீதியில் நீ வருத்தம் தெரிவித்தாயா, கத்தினாயா, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டாயா, ஒன்றும் தெரியாது. வேறு யாரிடமும் கொடுத்துக் கேட்கச் சொல்ல மனம் வரவில்லை. நீ எனக்குச் சொன்னதை நான்தான் கேட்க வேண்டும்.

அதனால் மறுபடியும் குரலில் அனுப்பாதே. பன்னிரண்டு நாளில் ஒருநாள் ஒதுக்கி மருமகளோடு ஊருக்கு வா. அந்த முப்பத்துநாலு தட்டையும் நீதான் போட்டுப் பார்த்து, எதில் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எனக்கு எதிரே, இடது பக்கமாக உட்கார்ந்து, அந்தப் பதினொன்றையும் முதலிலிருந்து சொல். திட்டியிருந்தால் திட்டியபடியே சொல், குறைக்க வேண்டாம். நல்லாச் சத்தமாகச் சொல் அனீஸ். அத்தாவுக்குக் காது கேட்காது என்று தெருவுக்கே தெரிந்தாலும் இனி பரவாயில்லை.

உன் அத்தா